நீட்சே, துன்பியல், சொந்த புத்தி

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உங்க துறையைப் பத்தி ஒரு அரைமணி நேரம் பேசுங்க தம்பி" என்றார். என் துறை என்ன தெரியுமா? உடைந்துபோன குழாய்கள். அனல் மின் நிலையத்தில் கொதிகலனுக்குள் ஒரு குழாய் வெடித்தால், அந்தத் துண்டை வெட்டி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அதை அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, ஏன் வெடித்தது என்று ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. இதைப் பற்றிப் பேசினால் மெக்கானிக்கல் படித்தவர்கள் தவிர மற்ற எல்லோரும் தூங்கிவிடுவார்கள். மெக்கானிக்கல் படித்தவர்கள் அதற்கும் முன்னாலேயே தூங்கிவிடுவார்கள். ஆகவே வேறு விஷயம் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். ஆனால் குழாய் நடுவில் ஒருமுறை வரும். அதை என்னால் தவிர்க்க முடியவில்லை.

நான் பேச வந்தது ஃப்ரீட்ரிஷ் நீட்சே என்ற ஜெர்மன் தத்துவவாதியைப் பற்றி. பெயரைக் கேட்டதும் சிலருக்கு அவர் கடவுளைப் பற்றி ஏதோ சொன்னவர் என்று ஞாபகம் வரும். சிலர் ஹிட்லரோடு சேர்த்துக் கேள்விப்பட்டிருப்பார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் அவருடைய ஒரு வாசகத்தைச் சுவரில் எழுதிவைத்திருப்பதையும் பார்க்கிறேன். இந்த மூன்றையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அவருடைய முதல் புத்தகத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்தப் புத்தகத்தால் அவர் பெயரையும் மாணவர்களையும் இழந்தார். பிறகு அந்தப் புத்தகத்திலிருந்தே விலகி வந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் கதை.

1844 அக்டோபர் 15ஆம் தேதி, ரோக்கன் என்ற சிற்றூரில், லூத்தரன் சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அப்பா இறந்தபோது பையனுக்கு நாலு வயது. 14 வயதில் ஷூல்ப்ஃபோர்ட்டா என்ற புகழ்பெற்ற விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். லத்தீனும் கிரேக்கமும் அங்கே அன்றாடச் சாப்பாடு மாதிரி. அந்தப் பள்ளியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பழைய மாணவர் சங்கத்தில் பேசுகிறேன் இல்லையா, திரும்ப வரும். பிறகு பான், லைப்சிக் பல்கலைக்கழகங்கள். லைப்சிக்கில் ரிட்சல் என்ற பேராசிரியர் இவர்மேல் உயிரையே வைத்திருந்தார். இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு மாணவனைப் பார்த்ததில்லை என்ற பொருளில் அவர் கொடுத்த சிபாரிசில், 1869ஆம் ஆண்டு 24 வயதிலேயே சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் மொழியியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. டாக்டர் பட்டம் அப்போது இல்லை. லைப்சிக் பல்கலைக்கழகம் தேர்வு வைக்காமலே அதைக் கொடுத்து அனுப்பியது. வைவாவுக்குக் காத்திருக்கும் நண்பர்கள் பொறாமைப்பட வேண்டாம்.

இப்படி ராஜபாட்டையில் நடக்கும் ஒருவர் முதல் புத்தகத்தை எப்படி எழுதுவார்? அடிக்குறிப்பு, மேற்கோள், பாடபேதம் என்று கச்சிதமாக எழுதி, பெரியவர்களிடம் நல்ல பெயர் வாங்குவார். 1872ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த 'துன்பியலின் பிறப்பு' புத்தகத்தில் அடிக்குறிப்பே கிடையாது. அட்டைக்கு அடுத்த பக்கத்தில், விலங்கு உடைந்து விடுதலையான ப்ரோமிதியஸின் படம் இருந்தது.

கேள்வி சாதாரணமானதுதான். பண்டைய கிரேக்கர்கள் ஏன் துன்பியல் நாடகங்களை எழுதினார்கள், ஏன் ஆயிரக்கணக்கில் கூடிப் பார்த்தார்கள்? யோசித்துப் பாருங்கள். மாரத்தான் போரில் பாரசீகர்களை எதிர்த்துப் போரிட்டவர் ஈஸ்கிலஸ். அவர் வாழ்ந்த தலைமுறை ஏதென்ஸின் வலிமை உச்சத்தில் இருந்த தலைமுறை. பணம் இருந்தது, கப்பற்படை இருந்தது, வெற்றி இருந்தது. அந்த மக்கள் வருஷந்தோறும் டயோனிசஸ் விழாவில், அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் திறந்த வெளியில் உட்கார்ந்து, மன்னன் கண்ணைக் குத்திக்கொள்வதையும் தாய் பிள்ளையைக் கொல்வதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று கவிஞர்கள் போட்டியில் இறங்குவார்கள், ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சோகத்தில் இருப்பவர்கள் சோகப்படம் பார்ப்பார்கள் என்பதை ஒப்புக்கொள்ளலாம். நன்றாக இருப்பவர்களுக்கு இது எதற்கு?

நீட்சேக்கு முன்பு ஐரோப்பாவில் கிரேக்கர்களைப் பற்றி ஒரு அழகான சித்திரம் இருந்தது. வெள்ளைப் பளிங்குச் சிலை, அமைதி, அளவு, நிதானம். நீட்சே அந்தச் சிலைக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறார். அங்கே சைலினஸ் என்ற காட்டுத் தெய்வத்தின் கதை கிடைக்கிறது. மைடாஸ் மன்னன் அவனைப் பிடித்து, மனிதனுக்கு எது மிக நல்லது என்று கேட்கிறான். பிறக்காமலே இருந்திருப்பது நல்லது, பிறந்துவிட்டால் சீக்கிரம் போய்ச் சேர்வது அதற்கடுத்த நல்லது என்ற பொருளில் பதில் வருகிறது. இந்தப் பதில் தெரிந்த மக்கள்தான் அந்தச் சிலைகளைச் செதுக்கினார்கள் என்கிறார் நீட்சே. தெரிந்ததால்தான் செதுக்க வேண்டியிருந்தது என்கிறார்.

இதை விளக்க இரண்டு தெய்வங்களின் பெயரை எடுத்துக்கொள்கிறார். ஒன்று அப்போலோ. நமக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும், பரவாயில்லை, அந்தத் தெய்வத்துக்கும் வைத்தியத்தோடு சம்பந்தம் உண்டு. அப்போலோ என்றால் கனவு, உருவம், எல்லை, நான் வேறு நீ வேறு என்ற தெளிவு. இன்னொன்று டயோனிசஸ். மது, போதை, இசை, கூட்டத்தில் தன்னை மறப்பது, எல்லைகள் கரைவது. ஒன்று மட்டும் இருந்தால் கலை உறைந்துபோகும், மற்றது மட்டும் இருந்தால் வெறியாட்டம் ஆகிவிடும். இரண்டும் சண்டையிட்டுக்கொண்டே கைகோத்த இடத்தில்தான் கிரேக்கத் துன்பியல் பிறந்தது. கோரஸ் என்ற பாடற்குழுவின் இசையிலிருந்து அது பிறந்தது, நடிகர்கள் பின்னால் வந்தவர்கள். பார்வையாளன் அந்த இசையில் தன் தனித்தன்மையைக் கொஞ்ச நேரம் இழக்கிறான். மேடையில் ஒரு வீரன் அழிகிறான். ஆனால் அந்த வீரனை உருவாக்கிய வாழ்வு என்ற பெரிய விஷயம் அழியவில்லை என்பதை அவன் புத்தியால் இல்லாமல் உடம்பால் உணர்கிறான். வீட்டுக்குப் போகும்போது வாழ ஆசையோடு போகிறான்.

இது அரிஸ்டாட்டில் சொன்னதிலிருந்து வேறு. அவர் கணக்கில் துன்பியல் இரக்கத்தையும் அச்சத்தையும் கிளறி வெளியேற்றும், ஒரு பேதி மருந்து மாதிரி. ஷோபன்ஹவர் சொன்னதிலிருந்தும் வேறு. அவர் கணக்கில் துன்பியல், இந்த உலகம் வேண்டாம் என்று ஆசையைத் துறக்கச் சொல்லித் தருகிறது. ஷோபன்ஹவர் யார்? 1865ஆம் ஆண்டு லைப்சிக்கில் ஒரு பழைய புத்தகக் கடையில் அவருடைய நூல் கையில் அகப்பட்ட நாள் முதல், நீட்சேக்கு அவர்தான் குரு. முதல் புத்தகத்திலேயே குருவின் சொற்களை வைத்துக்கொண்டு, குரு சொல்லாத முடிவுக்குப் போகிறார் சீடர். அது அப்போது அவருக்கே முழுசாகத் தெரிந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

சரி, இப்போது குழாய்.

இந்தப் புத்தகத்தில் வில்லன் யார் தெரியுமா? சாக்ரடீஸ். நம் பாடப்புத்தகத்தில் விஷக் கோப்பையோடு நிற்கிற அதே சாக்ரடீஸ்தான். காரண காரியத்தைப் பிடித்துக்கொண்டே போனால் இருப்பின் அடியாழம் வரை போய்விடலாம், போய் அதைத் திருத்தவும் செய்யலாம் என்ற நம்பிக்கை அவரோடுதான் உலகத்துக்கு வந்தது என்கிறார் நீட்சே. அறிந்தால் நல்லவனாகலாம், நல்லவனானால் சுகமாக இருக்கலாம். அந்தச் சமன்பாட்டில் துன்பியலுக்கு இடமே இல்லை. துன்பம் என்பது இன்னும் தீர்க்காத ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் அது என் ரிப்போர்ட்டின் வடிவம். எங்கள் ரிப்போர்ட்டில் மூலகாரணம் என்று ஒரு தலைப்பு உண்டு, திருத்த நடவடிக்கை என்று ஒரு தலைப்பு உண்டு. இரண்டையும் நிரப்பாமல் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மின் நிலையத்தில் குழாய் வெடித்து ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் இறந்துபோனார். ஊரும் பேரும் வேண்டாம். துண்டு எங்களிடம் வந்தது. காரணம் தெளிவாகவே இருந்தது. குழாயின் உள்சுவரில் படிவு கட்டி, வெப்பம் தண்ணீருக்குப் போகாமல், உலோகம் நெடுநாள் அளவுக்கு மீறிச் சூடேறி, மெல்ல மெல்ல ஊர்ந்து நீண்டு பலமிழந்து வெடித்திருக்கிறது. எழுதினோம், கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து இறந்தவரின் அண்ணன் எங்கேயோ விசாரித்து என்னைத் தேடி வந்துவிட்டார். ரிப்போர்ட்டில் இருந்ததை எளிய தமிழில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரிங்க சார். அவன் அன்னிக்கு லீவு. வேற ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னு கூப்பிட்டாங்கன்னு போனான். அது ஏன் சார்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு ரிப்போர்ட்டில் தலைப்பு இல்லை. அவரும் என்னிடம் பதில் எதிர்பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. காபி வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், நீட்சே சொல்லாதது, என் சொந்தக் கருத்து. விபத்து நடந்த மறுநாள் எல்லோரும் "துயரச் சம்பவம்" என்று அறிக்கை விடுவார்கள். அந்தச் சொல்லை வைத்துக் கோப்பை மூடிவிடுவார்கள். படிவு கட்டியது விதி இல்லை. தண்ணீரின் தரத்தைப் பார்த்து, உரிய காலத்தில் குழாயைச் சுத்தம் செய்திருந்தால் அந்த மனிதர் இன்று இருப்பார். அதைத் துன்பியல் என்று சொல்வது அயோக்கியத்தனம். சாக்ரடீஸ் நமக்கு வேண்டும், ரிப்போர்ட்டும் வேண்டும். ஆனால் ரிப்போர்ட் முழுக்கச் சரியாக இருந்த பிறகும் அந்த அண்ணனின் கேள்வி அப்படியே நிற்கிறது பாருங்கள், அதுதான் கிரேக்கர்கள் உட்கார்ந்து பார்த்த இடம். அறிவியல் தன் எல்லை வரை ஓடிப்போய், அங்கே தர்க்கம் தன்னையே சுற்றிக்கொள்ளும்போது மனிதனுக்குக் கலை தேவைப்படுகிறது என்று நீட்சே எழுதியதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தை இன்ஜினியர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அது முழுக்க முழுக்க ஒரு மூலகாரண ஆய்வு. தீப்ஸ் நகரத்தில் கொள்ளைநோய். ஏன்? பழைய மன்னனைக் கொன்றவன் தண்டிக்கப்படாமல் ஊருக்குள் இருக்கிறான். யார் அவன்? மன்னன் ஈடிபஸ் தானே விசாரணை அதிகாரியாகிறான். சாட்சிகளைக் கூப்பிடுகிறான், முரண்பாடுகளைப் பிடிக்கிறான், "போதும், விட்டுவிடு" என்று மனைவி கெஞ்சியும் நிறுத்தவில்லை. அருமையான விசாரணை. கடைசியில் காரணம் அவனே என்று தெரிகிறது. கொன்றது தன் தந்தையை, மணந்தது தன் தாயை. ஸ்ஃபிங்ஸ் போட்ட புதிரை விடுவித்த அதே கெட்டிக்காரப் புத்திதான் அவனை இங்கே கொண்டுவந்து விடுகிறது. இயற்கையின் புதிரை அவிழ்ப்பவன் இயற்கையின் ஒழுங்கையும் குலைத்தவனாக இருக்க வேண்டியிருக்கிறது என்று நீட்சே இந்த இடத்தில் குறிப்பிடுவது கொஞ்சம் நடுங்க வைக்கிறது.

அதே பகுதியில் ஒளியியல் சம்பந்தமான ஒரு உவமை உண்டு. சூரியனை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண்ணுக்குள் கருப்புப் பொட்டுகள் தெரியும், அது கண்ணுக்கு மருந்து போல. கிரேக்கர்கள் தலைகீழ். அவர்கள் இயற்கையின் பயங்கர இருட்டை உற்றுப் பார்த்தவர்கள், அதனால் அவர்கள் கண்ணில் ஒளிப்பொட்டுகள் தெரிந்தன. மேடையில் நிற்கும் அந்தப் பிரகாசமான வீரர்கள் அந்த ஒளிப்பொட்டுகள்தான். இருபத்தேழு வயதில் இப்படி யோசித்த ஒருவரை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

அன்று பாராட்டவில்லை. சொந்த ஆசான் ரிட்சல் மௌனம் சாதித்தார். இவரே கடிதம் போட்டு, ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்க வேண்டி வந்தது. அதே 1872ஆம் ஆண்டில் வில்லாமோவிட்ஸ் என்ற 23 வயது இளைஞர், புத்தகத்தைக் கிழித்து ஒரு துண்டுநூல் வெளியிட்டார். உண்மைத் தவறுகள், ஆதாரமின்மை, மொழியியலுக்கே அவமானம். இந்த ஆள் பேராசிரியர் நாற்காலியை விட்டு இறங்கட்டும் என்று முடித்தார். அவர் எந்தப் பள்ளியில் படித்தவர்? ஷூல்ப்ஃபோர்ட்டா. நீட்சேயை விட நாலு வயது சின்னவர், இரண்டு வருஷம் இருவரும் ஒரே விடுதியில் இருந்திருக்கிறார்கள். நம்ம பாஷையில் ஜூனியர். பின்னாளில் அவர் கிரேக்கப் புலமையில் ஜெர்மனியின் தலைசிறந்த பெயர்களில் ஒன்றானார் என்பதையும் சொல்ல வேண்டும், சும்மா குரைத்தவர் இல்லை. பல இடங்களில் அவர் சொன்ன தவறுகள் தவறுகளே.

விளைவு? 1872-73 குளிர்காலப் பருவத்தில் பேராசிரியர் நீட்சேயின் வகுப்புக்கு வந்த மாணவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் மொழியியல் மாணவர்கள் இல்லை, வேறு துறைக்காரர்கள். போதாததற்கு அதே வருஷம், தான் இயற்றிய ஒரு பியானோ இசையை ஹான்ஸ் ஃபான் பியூலோ என்ற பெரிய இசைநடத்துநருக்கு அனுப்பி, அதற்கும் கடுமையாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த வருஷம் அவருக்குச் சரியில்லை.

நாற்பது வருஷம் கழித்து, 1912இல், கேம்பிரிட்ஜின் கார்ன்ஃபோர்டு என்ற கிரேக்க அறிஞர், அந்தப் புத்தகத்தின் ஆழ்ந்த கற்பனைப் பார்வையை ஒரு தலைமுறைப் புலமையால் எட்டிப் பிடிக்க முடியவில்லை என்ற கருத்தில் எழுதினார். அதைப் படிக்க நீட்சே உயிரோடு இல்லை.

இந்தக் கதையைச் சொன்னால், ஊரே எதிர்த்தது, தனி மனிதன் ஜெயித்தான் என்று சினிமா மாதிரி ஆகிவிடும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து வருவது. எதிரியை எதிர்ப்பது சுலபம். நேசிப்பவரிடமிருந்து விலகுவதுதான் கஷ்டம்.

ரிச்சர்ட் வாக்னர், ஜெர்மனியின் மாபெரும் இசைநாடகக் கலைஞர். 1868 நவம்பரில் லைப்சிக்கில், வாக்னரின் அக்காள் கணவரான சமஸ்கிருத அறிஞர் ஹெர்மன் ப்ரோக்ஹவுஸ் வீட்டில் இருவரும் சந்தித்தார்கள். வாக்னர் பிறந்தது 1813இல், நீட்சேயின் தந்தை பிறந்த அதே வருஷம். நாலு வயதில் அப்பாவை இழந்தவருக்கு அவர் என்னவாக இருந்திருப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. லூசர்ன் ஏரிக்கரையில் ட்ரிப்ஷன் என்ற இடத்தில் வாக்னர் குடியிருந்தார். மூன்று வருஷத்தில் நீட்சே அங்கே 23 முறை போயிருக்கிறார். 'துன்பியலின் பிறப்பு' வாக்னருக்குத்தான் சமர்ப்பணம். அதில் மொத்தம் 25 பகுதிகள். பெரும்பாலும் கடைசிப் பத்துப் பகுதிகள், செத்துப்போன கிரேக்கத் துன்பியல் வாக்னரின் இசையில் மறுபிறவி எடுக்கிறது என்று சொல்வதற்காக எழுதியவை. வில்லாமோவிட்ஸ் தாக்கியபோது வாக்னர் பகிரங்கக் கடிதம் எழுதி ஆதரித்தார்.

1876 ஆகஸ்டில் பைராய்ட் நகரத்தில் வாக்னர் கட்டிய அரங்கில் முதல் விழா. பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் வந்திருந்தார், பிரபுக்களும் பணக்காரர்களும் வந்திருந்தார்கள். ஏதென்ஸின் மலைச்சரிவை எதிர்பார்த்துப் போனவருக்கு அது ஒரு பெரிய மனிதர்கள் வீட்டுக் கல்யாணம் போல இருந்தது. தலைவலி தாங்காமல் ஒரு காட்டுப்பகுதிக்கு ஓடினார், திரும்பி வந்தார், விழா முடிவதற்குள் கிளம்பிவிட்டார். அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் இத்தாலியின் சொரெண்டோவில் சந்தித்ததே கடைசிச் சந்திப்பு. 1878இல் 'மனிதம், மிக அதிக மனிதம்' என்ற புத்தகம் வந்தது. அதைச் சமர்ப்பித்தது பிரெஞ்சுப் பகுத்தறிவாளர் வால்ட்டேருக்கு. வாக்னர் வீட்டில் அதை எப்படிப் படித்திருப்பார்கள்!

தன்னுடைய இந்தப் புத்தகமும் வாக்னர் அனுப்பிய 'பார்சிஃபால்' பிரதியும் தபாலில் இரண்டு வாள்கள் போல ஒன்றையொன்று கடந்து சென்றன என்று பிற்பாடு நீட்சே சுயசரிதையில் எழுதினார். அழகான கற்பனை. ஆனால் தேதி ஒத்துவரவில்லை. பார்சிஃபால் வந்தது ஜனவரியில், இவர் புத்தகம் போனது வசந்த காலத்தில். தேதி பார்ப்பது என் தொழில் புத்தி, மன்னிக்க வேண்டும்.

விலகிய பிறகு வாக்னரைத் திட்டி 1888இல் ஒரு நூலே எழுதினார். அதற்காக பிசேயின் 'கார்மென்' இசைநாடகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார். அது கொஞ்சம் வீம்பு என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அதே ஆண்டு எழுதிய சுயசரிதையில், வாழ்க்கையில் எதை விட்டுக்கொடுத்தாலும் ட்ரிப்ஷன் நாட்களை எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற பொருளில் எழுதுகிறார். நன்றியும் விலகலும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஷோபன்ஹவர் விஷயத்திலும் இதே கதைதான். 1874இல் 'கல்வியாளராக ஷோபன்ஹவர்' என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் குருவின் கொள்கை பற்றி அதிகம் இல்லை. அரசாங்கச் சம்பளத்துக்கும் பதவிக்கும் தலைவணங்காமல் தனியாக நின்று யோசித்தாரே, அதுதான் பாடம் என்கிறார். நல்ல ஆசிரியர் நம்மை அவரைப் போல ஆக்குபவர் இல்லை, நம்மைக் கட்டவிழ்த்து விடுபவர் என்பது அந்தக் கட்டுரையின் சாரம். இந்த அரங்கில் என் ஆசிரியர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். சாயங்காலம் அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடத்தான் போகிறேன். மூன்றாமாண்டில் அவர்களில் ஒருவர் சொல்லித் தந்த ஒரு கணக்கு முறை எங்கள் தொழிலில் செல்லாது என்று போன வருஷம் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். அதை அவருக்கே தபாலில் அனுப்பினேன். ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டுக்குப் பதில் எழுதிவிட்டேன் சார், மூன்றாவது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குக் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இளைஞர்களுக்கு யாரும் விலைப்பட்டியலைக் காட்டுவதில்லை. 1879இல் உடல்நலம் கெட்டுப் பதவியை ராஜினாமா செய்தார், வயது 34. வருஷத்துக்கு 3,000 ஃபிராங்க் ஓய்வூதியம். சுவிட்சர்லாந்தின் சில்ஸ்-மரியா, ஜெனோவா, நீஸ், டூரின் என்று வாடகை அறைகளில் பத்து வருஷம். பார்வை மங்கிப்போனதால் 1882இல் டென்மார்க்கில் செய்த மாலிங்-ஹான்சன் தட்டச்சுப் பொறி ஒன்றை வாங்கினார். பந்து மாதிரி இருக்கும். சில வாரங்களில் பழுதாகிவிட்டது. எழுதும் கருவியும் நம் எண்ணத்தில் வேலை செய்கிறது என்று அந்தப் பொறியில் தட்டிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். 'ஸரதுஸ்ட்ரா'வின் நான்காம் பாகத்தைச் சொந்தச் செலவில் 40 பிரதி அச்சடித்தார். அதைக் கொடுப்பதற்கும் ஆள் தேட வேண்டியிருந்தது. கோபன்ஹேகனில் பிராண்டஸ் என்பவர் 1888இல் இவரைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றிய பிறகுதான் பெயர் வெளியே தெரிந்தது. 1889 ஜனவரியில் டூரினில் புத்தி பேதலித்தது. 1900 ஆகஸ்ட் 25ஆம் தேதி இறக்கும்வரை தெளியவில்லை.

இதற்குப் பிறகு தங்கை எலிசபெத். யூத வெறுப்பாளர் ஒருவரை மணந்துகொண்டு பராகுவேயில் ஜெர்மன் குடியேற்றம் அமைக்கப் போனவர். அந்தக் கல்யாணத்தையும் அந்தக் கொள்கையையும் அண்ணன் வெறுத்தார். அண்ணன் நினைவிழந்து கிடக்கையில் தங்கை திரும்பி வந்து கையெழுத்துப் பிரதிகளைக் கைப்பற்றினார், காப்பகம் நிறுவினார். அவருடைய குறிப்புகளை வெட்டி ஒட்டி 1901இல் 'அதிகாரத்துக்கான விழைவு' என்று ஒரு நூலை வெளியிட்டார்கள். அது நீட்சே எழுதி முடித்த புத்தகமே இல்லை. 1935இல் தங்கையின் இறுதிச் சடங்குக்கு ஹிட்லர் வந்தார். கோல்லி, மோன்ட்டினாரி என்ற இரண்டு இத்தாலிய அறிஞர்கள் கையெழுத்துப் பிரதிகளைத் தாள் தாளாகச் சரிபார்த்து 1967 முதல் ஜெர்மனில் வெளியிட்ட பதிப்புதான் வண்டவாளத்தை முழுதாக வெளிக்கொண்டு வந்தது. என்னைப் பின்பற்றாதே, உன் வழியில் போ என்று திரும்பத் திரும்பச் சொன்னவரைக் கொடியாக்கிப் பிடித்தார்கள்.

அதற்காக அவர்மேல் குற்றமே இல்லை என்று வாதாட மாட்டேன். பெண்களைப் பற்றி எழுதியவற்றில் பல வாசிக்கச் சகிக்காது. சாதாரண மனிதர்கள்மேல் இருக்கும் அலட்சியம் எனக்கு ஒத்துவராது. அந்த அண்ணனின் கேள்வியை நீட்சே காது கொடுத்துக் கேட்டிருப்பாரா என்றால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாக்ரடீஸுக்கும் அவர் நியாயம் செய்யவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்திலேயே ஒரு ஓரத்தில், சிறையில் கடைசி நாட்களில் கனவின் கட்டளைப்படி ஈசாப்பின் கதைகளைச் செய்யுளாக்கிக்கொண்டிருந்த சாக்ரடீஸை நினைத்து, இசை பழகும் சாக்ரடீஸ் ஒருவர் சாத்தியமா என்று கேட்கிறார். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

மாணவ நண்பர்கள் படிக்க விரும்பினால் ஒரு வரிசை சொல்கிறேன். தயவுசெய்து ஸரதுஸ்ட்ராவில் தொடங்காதீர்கள், பாதியில் மூடிவைத்துவிடுவீர்கள். முதலில் சோஃபக்ளீஸின் ஈடிபஸ், ஒரே இரவில் முடிந்துவிடும். அடுத்து 'துன்பியலின் பிறப்பு', முதல் 15 பகுதிகள் போதும். 1886இல் அந்தப் புத்தகத்தை மறுபதிப்புச் செய்தபோது, 'சுயவிமர்சன முயற்சி' என்று ஒரு முன்னுரை சேர்த்தார். 14 வருஷத்துக்கு முன் எழுதிய தன் புத்தகத்தை எடுத்து, நடை கனமாக இருக்கிறது, உவமைகள் வெறிபிடித்து ஓடுகின்றன, என் சொந்த அனுபவத்தைச் சொல்ல ஷோபன்ஹவரின் சொற்களைக் கடன் வாங்கிக் கெடுத்தேன், கிரேக்கர்களைப் பற்றிய நல்ல கேள்வியை வாக்னர் மோகத்தால் பாழடித்தேன் என்று வரிசையாகப் போட்டு உடைக்கிறார். கேள்வியை மட்டும் விடவில்லை. வலிமையானவர்களுக்குத் துன்பியல் எதற்கு என்று அதே கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்கிறார். வில்லாமோவிட்ஸ் செய்ததைவிட நுட்பமான விமர்சனம் அது. அதை எல்லாப் பதிப்பிலும் முதலில் அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் அதைக் கடைசியில் படியுங்கள்.

செயலாளர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். கேள்வி இருந்தால் பந்தியில் பக்கத்தில் வந்து உட்காருங்கள், பேசலாம்.